டிக்கிக்குள் ஒரு படகு

புணேக்குப் பக்கத்துச் சிஞ்ச்வட்காரர்களுக்கு ஆறு வாசலிலேயே இருக்கிறது. மோர்யா கோசாவியின் சமாதிக் கோயிலை ஒட்டித்தான் பவனா ஓடுகிறது. ஆனால் அதில் படகு இறக்க யாருக்கும் மனசு வராது. கோடையில் ஆகாயத்தாமரை இக்கரைக்கும் அக்கரைக்கும் பாய் விரித்துவிடும். தேர்காவ் கேஜுதேவி தடுப்பணையில் சாக்கடையும் ஆலைக்கழிவும் சேர்ந்து வெள்ளை நுரை பொங்கிய படங்களைச் செய்தித்தாளில் எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது.

அதே ஆற்றோடு மேற்கே நாற்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் அது வேறு தண்ணீர். துங், திகோனா, லோகட் கோட்டைகள் சுற்றி நிற்க, நடுவே பவனா அணையின் நீர்த்தேக்கம். இன்னொரு பக்கம் முல்ஷி. காம்ஷேத்தைச் சுற்றி உக்சான், வடிவளே என்று சின்ன நீர்த்தேக்கங்கள். சோலாப்பூர் சாலையில் போனால் உஜனி அணையின் பின்நீர், பூநாரைகள் வந்து இறங்கும் பிக்வண். ஊரில் ஏரியும் கண்மாயும் பார்த்து வளர்ந்து, டாடா, பஜாஜ் ஆலைகளுக்கும் ஹிஞ்சவாடி ஐ.டி. நிறுவனங்களுக்கும் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நம் ஆட்கள் இந்த நீரைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: சொந்தமாக ஒரு படகு வாங்கினால் என்ன?

வாங்கலாம். ஆனால் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் எங்கே வைப்பது? பார்க்கிங்கில் நமக்கு உள்ளது ஒரே ஒரு கட்டம். பத்தடி நீள ஃபைபர் கயாக்கைக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்தால் மறுநாளே சொசைட்டி செயலாளர் கூப்பிட்டு அனுப்புவார். லிஃப்டில் அது நுழையாது. ஆகவே மடிக்கவோ, காற்றை இறக்கிச் சுருட்டவோ முடிகிற படகுதான் சிஞ்ச்வட்டுக்குச் சரி. அந்த வகையில் எதை வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விளம்பரப் படத்தையும் விலையையும் பார்த்து வாங்குகிறார்கள். படகு இறங்கப்போகும் கரையையும் அங்கே அடிக்கும் காற்றையும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வேட்டைக்காரர் வளர்த்த படகு

இந்தப் படகுகளை மேலைநாடுகளில் வளர்த்துவிட்டதில் வேட்டைக்காரர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அலாஸ்காவில் சாலையே இல்லாத காட்டுக்குள் முதுகுப்பையோடு நடந்துபோய் மூஸ் மானைச் சுடுகிறவருக்கு, சுட்ட பிறகுதான் பிரச்சினையே. ஒரு பெரிய ஆண் மூஸில் இறைச்சி மட்டும் இருநூறு கிலோவைத் தாண்டும். தோளில் சுமந்தால் எத்தனை நடை நடப்பது? பையிலிருந்து மூன்று கிலோ படகை எடுத்து ஊதி, ஆற்றோடு விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பேக்ராஃப்ட் என்று பெயர். அலாஸ்காவில் ஷெரி டிங்கி என்ற பெண்மணி தன் மகனுக்காகத் தைத்துக் கொடுத்ததில் தொடங்கிய அல்பாக்கா நிறுவனம்தான் இந்த வகையை உலகறியச் செய்தது.

இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ல் வந்த வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முதலில் சில உயிர்களை உரிமம் வாங்கிச் சுட இடம் வைத்திருந்தது. 1991 திருத்தம் அந்த உரிமங்களையும் எடுத்துவிட்டது. இப்போது நீர்ப்பறவையைச் சுட்டால் சிறை. அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. 1938 நவம்பர் 12 அன்று பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோவின் விருந்தினர் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அந்தக் கணக்கைக் கல்லில் வேறு வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு காலத்தைப் பார்த்த நாடு நம்முடையது. சிஞ்ச்வட் படகில் ஏறுவது கேமராவும் தொலைநோக்கியும், மிஞ்சினால் ஒரு தூண்டிலும்தான். இருநூறு கிலோ இறைச்சி ஏற்றும் தேவை நமக்கு இல்லை என்பதால் படகைத் தேர்ந்தெடுக்கும் கணக்கும் மாறிவிடுகிறது.

கழற்றி மாட்டும் யோசனை

படகைப் பிரித்து எடுத்துப்போகும் யோசனை வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். நம் கிழக்குக் கரையின் கட்டுமரம் அதைத்தான் காலங்காலமாகச் செய்தது. கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போட்டார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது சேர்த்துக் கட்டினார்கள். பரிசல் இன்னொன்று. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ் துங்கபத்திரையில் அதைப் பார்த்துவிட்டுக் குறித்துவைத்திருக்கிறார்: கூடைபோல வட்டம், உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், ஆனால் நேராகப் போகாது, சுழன்றுகொண்டேதான் போகும். ஒகேனக்கலில் தோலின் இடத்துக்குப் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்துவிட்டன. சுழற்சி மட்டும் மாறவில்லை. பயஸ் கவனித்த அந்தச் சுழற்சியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் உதவும்.

ஐரோப்பாவில் 1840-களில் பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒரு வேடிக்கை செய்தார். ரப்பர் பூசிய துணியில் ஒரு மேலங்கி. ஊதினால் அது படகு. கைத்தடி துடுப்பாகும், குடை பாய்மரமாகும். கடற்படை பாராட்டிவிட்டு ஒதுக்கியது. ஆனால் வடதுருவப் பகுதியில் ஆய்வுக்குப் போன ஜான் ரே அந்த வகைப் படகை உண்மையாகவே எடுத்துப்போய்ப் பயன்படுத்தினார். 1907-ல் ஜெர்மனியில் ரோசன்ஹைம் ஊர்த் தையல்காரர் யோகான் கிளெப்பர், மரச்சட்டத்துக்கு மேல் துணி மாட்டும் மடிப்புக் கயாக்கின் உரிமையை வாங்கித் தயாரிக்கத் தொடங்கினார். ரயிலில் சாமான் பெட்டியாக ஏற்றி, ஆற்றங்கரையில் இறங்கிப் பூட்டிக்கொள்ளலாம். ஜெர்மனி முழுக்க அது பெரிய மோகமாகிவிட்டது.

அந்த மோகத்தில் வளர்ந்தவர்தான் ஆஸ்கர் ஸ்பெக். வேலையிழந்த எலெக்ட்ரீஷியன். 1932-ல் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் ஒரு மடிப்புக் கயாக்கை இறக்கினார். சைப்ரஸ் தீவின் செம்புச் சுரங்கத்தில் வேலை தேடுவதுதான் திட்டம். சைப்ரஸ் போனபின் ஆசை நீண்டது. யூப்ரடீஸ் வழியாகப் பாரசீக வளைகுடா, அங்கிருந்து இந்தியாவின் மேற்குக் கரை. துணி நைந்துபோக, வழியிலேயே புதுப் படகு வரவழைத்துக்கொண்டார். 1935-ல் இலங்கைக்கு வந்தார். பிறகு சென்னை வழியாகக் கிழக்குக் கரையோரமாக ஏறி பர்மா, மலாயா, ஜாவா. அவர் வந்த கரைகளில் நம் கட்டுமரங்கள் அலையை உடைத்துக்கொண்டு போய்வந்துகொண்டிருந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து என்ன நினைத்திருக்குமோ. ஏழு வருடம் கழித்து, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் சாய்பாய் தீவில் அவர் கரையேறியபோது உலகப்போர் தொடங்கியிருந்தது. ஜெர்மானியர் என்பதால் பிடித்துச் சிறைமுகாமில் போட்டார்கள்.

ஒரு துணிப்படகு அவ்வளவு தூரம் வரும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மடிப்புப் படகு என்றாலே பொம்மை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பொம்மைகளும் உண்டுதான்.

கடையில் என்ன கிடைக்கிறது

முதலில் பொம்மை. இணையத்தில் மலிவு விலைக்கு வரும், முட்டை வடிவக் காற்றுப் படகுகள். அட்டைப்பெட்டியில் ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குட்டை, அகலம், அடியில் திசை மாறாமல் காக்கும் துடுப்புக்கட்டை எதுவும் கிடையாது. பயஸ் சொன்ன சுழற்சி இதற்கும் அப்படியே பொருந்தும். பரிசல்காரருக்குச் சுழற்சியை அடக்கத் தெரியும், நமக்குத் தெரியாது. எதிர்காற்றில் இது நகராது. நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குக் கொடுங்கள், அணைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டாவது, காற்றடைத்த கயாக். இன்டெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் கே2 இந்தியாவில் எளிதாகக் கிடைப்பது. பத்தடி நீளம், இருவர் உட்காரலாம். பக்கத்துக்கு ஒரு அறை, தரைக்கு ஒன்று எனக் காற்றறைகள் தனித்தனி. ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். அடியில் மாட்டிக்கொள்ள ஒரு துடுப்புக்கட்டை. அது இல்லாமல் நேர்கோட்டில் போக முடியாது, ஆனால் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. டெகாத்லானின் இதிவிட் கயாக்குகளும் இந்த வகைதான், கொஞ்சம் தடிமனான துணியோடு. எல்லாமே பதினைந்து கிலோ அக்கம்பக்கம் இருக்கும்.

பெட்டியில் எழுதியிருக்கும் எடைக் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. கே2 தாங்குவதாகச் சொல்வது 180 கிலோ. கணவன் மனைவி சேர்ந்து 140. தண்ணீர், சாப்பாடு, பம்ப், கேமரா, ஈரத்துணி 15. மிச்சம் 25 கிலோதான். அந்த இடத்தில் பத்து வயதுப் பையனையும் நடுவில் உட்கார்த்தினால் கணக்கு முடிந்தது. தரை தொய்ந்து, பக்கச்சுவர் தண்ணீருக்கு அருகே வந்துவிடும். அச்சிட்ட எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. அப்படிப் பார்த்தால் இருவர் படகு என்பது உண்மையில் ஒருவரும் அவர் சாமானும்தான், அல்லது ஒல்லியான இருவர்.

இதிலேயே மேல்படி, டிராப்-ஸ்டிட்ச் தரை. மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவே ஆயிரக்கணக்கான நூல்கள் கட்டியிருப்பதால் அதிக அழுத்தத்தில் ஊதலாம். சாதாரணத் தரை ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தாங்கும், இது எட்டு பத்து வரை போகும். பலகை மாதிரி விறைத்து நிற்கும். விலையும் அப்படியே விறைத்து நிற்கும்.

மூன்றாவது, அலாஸ்காக்காரர்களின் பேக்ராஃப்ட். இரண்டரை முதல் நான்கு கிலோ. பம்ப் கூட வேண்டாம், ஒரு துணிப்பையால் காற்றை அள்ளி உள்ளே தள்ளுகிறார்கள். துங் கோட்டை ஏறி இறங்கி, அப்படியே தண்ணீரில் இறங்கி அக்கரை போக ஆசைப்படும் மலையேற்றக்காரருக்கு இதைவிட்டால் வேறில்லை. லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு சிஞ்ச்வட்டிலிருந்து காம்ஷேத் போய் இறங்கலாம். ஆனால் குட்டை, இலேசு. அதனால் காற்று தள்ளும். நல்லது வேண்டுமென்றால் இறக்குமதி, விலை ஒரு பழைய டூவீலர் அளவுக்குப் போகும்.

ஓரு என்ற அமெரிக்க மடிப்புக் கயாக்கும் இருக்கிறது. பாலிப்ரொப்பிலீன் அட்டையைக் காகிதக் கப்பல் மடிப்பதுபோல் மடிக்கிறார்கள். அழகு. பஞ்சர் பயமில்லை. இங்கே ஒரு கிளிப் உடைந்தால் மாற்றக் கிடைக்காது. அதோடு விட்டுவிடலாம்.

இத்தனைக்கும் நடுவே நம் அணைகளில் மீன் பிடிக்கிறவர்களைப் பார்க்க வேண்டும். லாரி டயரின் ரப்பர் டியூப், அல்லது சாக்கில் கட்டிய தெர்மோகோல் பலகைகள். அதில் உட்கார்ந்து, கையாலேயே துழாவிக்கொண்டு வலை போடுகிறார்கள். தோளில் மாட்டி வந்து, தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பஞ்சர் ஆனால் சைக்கிள் கடை போதும். சுமக்கும் படகில் இதைவிடச் சிக்கனம் கிடையாது, பாதுகாப்பு என்று ஒன்றும் கிடையாது. அவர்களுக்கு அது பிழைப்பு. நாம் பொழுதுபோக்குக்குப் போகிறவர்கள், அதைப் பார்த்துச் செய்யக்கூடாது.

கரை

படகின் எடை பதினைந்து கிலோ என்றால் பெரிதாகத் தெரியாது. அதோடு பம்ப், இரண்டு துடுப்பு, இரண்டு லைஃப் ஜாக்கெட், தண்ணீர் எல்லாம் சேர்ந்து இருபத்தைந்தை நெருங்கும். கார் நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரை அதைச் சுமக்க வேண்டும். அந்தத் தூரம் மாதத்துக்கு மாதம் மாறும். அக்டோபரில் பவனா நிறைந்து சாலையோரம் வரை நிற்கும். அதுவே மே மாதம் தண்ணீர் கீழே போய், வெடித்த சேறும் கருங்கல்லுமாகக் கரை நீண்டு கிடக்கும். உஜனியின் மொத்தக் கொள்ளளவு 117 டி.எம்.சி.; அதில் பாதிக்கு மேல் மதகுக்குக் கீழே நிற்கும் நீர். கோடையில் "உஜனி மைனஸ்" என்று மராத்திச் செய்திகளில் சொல்வது நீர்மட்டம் மதகுக்குக் கீழே இறங்குவதைத்தான். அந்த நேரத்தில் முழங்கால் சேற்றில் படகை இழுப்பது படகோட்டுவதில் சேராது.

சகியாத்ரிக் கல் கூர்மையானது. கருவேல முள் கரையெங்கும் கிடக்கிறது. பவனாவைச் சுற்றி முளைத்த கூடார முகாம்களின் புண்ணியத்தில் உடைந்த பாட்டில்களும் சேர்ந்துவிட்டன. காற்றுப் படகை ஊதும்முன் தரையில் பழைய தார்ப்பாய் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஒட்டும் சாமான் பெட்டியில் வருவதோடு இன்னும் கொஞ்சம் வாங்கி வையுங்கள். முழுக்க ஊதிய படகைக் கரையில் வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், உள்ளே காற்று சூடாகி விரிந்து தையல் விட்டுப்போகும். போகும்முன் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விட்டுவிட வேண்டும். தண்ணீரில் இறக்கும்போது மறுபடி ஊதிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் கட்டுமரக்காரரைப் போல் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினால் புணே மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சைக் காடு.

காற்று

அணைத் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஆழத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். காற்றுப் படகு தண்ணீருக்குள் அமிழ்ந்து போவதில்லை, மேலே மிதந்து போகிறது. அதனால் காற்று அதைப் பிடித்துக்கொள்கிறது. காலையில் கண்ணாடியாக இருக்கும் பவனா, மதியத்துக்கு மேல் மலை இடுக்கு வழியே வரும் காற்றில் சிற்றலை எழுப்பத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடிமழைக்கு முன் வரும் சூறை, பத்து நிமிட அவகாசம் கூடத் தராது.

2024 மே 21 மாலை உஜனியில் அதுதான் நடந்தது. கூகாவிலிருந்து களாஷிக்கு வந்த பயணப்படகு பலத்த காற்றில் கவிழ்ந்தது. ஒருவர் நீந்திக் கரைசேர்ந்தார். ஆறு பேர் இறந்தார்கள். அடுத்த இரண்டு நாளில், அகோலே அருகே பிரவரா ஆற்றில் மூழ்கியவர்களைத் தேடப்போன மாநிலப் பேரிடர் மீட்புப் படையின் படகே கவிழ்ந்து, அதன் வீரர்கள் மூவர் போனார்கள். பயிற்சி பெற்றவர்கள், நல்ல படகு. தண்ணீர் யாரையும் விசாரித்துவிட்டு இழுப்பதில்லை.

ஆகவே சூரியன் எழும்போது இறங்கி, பத்து மணிக்குள் கரையேறிவிடுங்கள். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது பின்னால் தள்ளும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அக்கரையில் மாட்டிக்கொள்கிறார்கள். கரையோரமாகவே செல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை படகைத் தொடவே வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டில் ஐம்பது நியூட்டன் என்று எழுதியிருந்தால் அது நீச்சல் தெரிந்தவருக்கு ஒத்தாசை. நூறு நியூட்டன் ஜாக்கெட் மயங்கினவரின் முகத்தையும் மேலே திருப்பப் பார்க்கும். நீச்சல் தெரியாதவர் நூறைத்தான் வாங்க வேண்டும். இலவசமாக வரும் பஞ்சுச் சட்டையை நம்பாதீர்கள்.

யாருடைய தண்ணீர்

அணை நீர் மாநில நீர்வளத் துறையுடையது. முல்ஷி டாடா பவருடையது. அந்த அணைக்காக நிலம் இழந்த மாவளிக் குடியானவர்கள் சேனாபதி பாபட் தலைமையில் 1921 முதல் போராடிய கதை இந்தப் பக்கம் இன்னும் மறக்கப்படவில்லை. பவனாவும் அமைதியான தண்ணீர் இல்லை. சிஞ்ச்வட்டுக்கு மூடிய குழாயில் நீர் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து 2011 ஆகஸ்ட் 9 அன்று மாவள் விவசாயிகள் விரைவுச்சாலையை மறித்தபோது போலீஸ் சுட்டதில் மூவர் இறந்தார்கள். நாம் நகரத்திலிருந்து வண்ணப் படகோடு இறங்கும்போது கரையில் நிற்பவர் முகம் சுளித்தால் காரணம் இருக்கிறது. அந்த ஊர்க்காரரிடம் இரண்டு வார்த்தை மராத்தியில் கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை, பாதுகாப்பும்கூட. எங்கே வலை கட்டியிருக்கிறது, எங்கே பழைய மரத்தின் முண்டு தண்ணீருக்கடியில் நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

நீர்த்தேக்கங்களில் மீன் பிடிக்கும் உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகையாகப் போகிறது. தூண்டில் போடுமுன் கேட்க வேண்டும். படகில் மோட்டார் மாட்டினால் 2021-ன் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள், பதிவு, ஆய்வு என்று. துடுப்போடு நிறுத்திக்கொள்வது உத்தமம். அணை அலுவலகத்தின் எச்சரிக்கைப் பலகையில் தடை என்று இருந்தால் தடைதான், திரும்பிவிடுங்கள்.

பிக்வணுக்கு மட்டும் சொந்தப் படகே வேண்டாம். கும்பார்காவ் மீனவர்கள் பூநாரைக்கு எவ்வளவு தூரத்தில் மோட்டாரை நிறுத்த வேண்டும், எங்கே கம்பால் தள்ள வேண்டும் என்று தெரிந்தவர்கள். ஆயிரம் மைல் பறந்துவந்து இளைப்பாறும் வரித்தலை வாத்தை நம் ஆரஞ்சுக் கயாக் விரட்டியடிப்பதைவிட, அவர்களுக்கு வாடகை கொடுப்பது மேல்.

என் சிபாரிசு

ஃப்ளாட்டில் குடியிருந்து, சின்னக் காரில், மாதம் ஒருமுறை பவனாவோ உக்சானோ போகிறவருக்கு மூன்று அறைகளும் துடுப்புக்கட்டையும் உள்ள இருவர் காற்றுக் கயாக் போதும். அதில் ஒருவராகப் போங்கள். இருவர் என்றால் எடையைக் கணக்குப் பாருங்கள். கோட்டை ஏறுகிறவர் காசு சேர்த்துப் பேக்ராஃப்ட் வாங்கட்டும். முட்டை வடிவ மலிவுப் படகுக்கு ஒரு ரூபாய்கூடப் போடவேண்டாம். பட்ஜெட் இடித்தால் படகில் குறைத்துக்கொள்ளுங்கள், ஜாக்கெட்டில் குறைக்காதீர்கள்.

வாங்கியதும் நேரே நடு அணைக்குப் போய்விடாதீர்கள். கூட ஒருவரை வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, நிமிர்த்தி, ஜாக்கெட்டோடு மறுபடி ஏறிப் பாருங்கள். ஏற முடியவில்லையென்றால், ஏற வரும்வரை அந்த இடுப்பளவைத் தாண்டாதீர்கள்.